தண்ணீர் நின்ற இடம்

அரசப்பனைப் பொய்யே சொல்லாத மனிதர் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். விளைச்சல் எவ்வளவு என்று கர்ணம் கேட்டால் பாதியைச் சொல்வார். ஆரணிச் சந்தைக்குப் போய்விட்டு வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு வந்து, கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். லட்சுமியம்மாளும் நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கூழைக் கரைத்து வைப்பாள். அதெல்லாம் குடும்பம் நடத்துவதற்கு வேண்டிய பொய்கள். ஆனால் மகன் சுப்பராயனிடம் அவர் பொய் சொன்னதில்லை. நாலு பிள்ளைகள் பிறந்து தங்கியது அவன் ஒருத்தன்தான். அவன் எதைக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார். ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னார். எழுபத்துநாலாம் வருஷம் மாசி மாதத்தில், ஓடைக்கரைக் கன்னிமார் கோயிலுக்கு முன்னால், உச்சி வெயிலில் வைத்துச் சொன்னார்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் வருகிற ஊர் அது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து ஓடையில் இறங்கும் தண்ணீர், ஊருக்குத் தெற்கே ஓடிப்போய் ஆரணியாற்றில் விழும். ஓடைக்கரையில்தான் அரசப்பனுடைய கழனி. கழனி என்று பார்த்தால் கையகலம். ஆனால் அதன் மூலையில் ஒரு கிணறு இருந்தது. சுப்பராயன் பிறந்த வருஷம் அரசப்பனும் அவர் மச்சினன்மாரும் கடப்பாரை பிடித்து வெட்டிய கிணறு. ஏரி காய்ந்து வெடித்துக் கிடக்கிற சித்திரையிலும் அதில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். சுற்றுவட்டாரத்தில் மூன்று போகம் எடுக்கிற ஆள் அவர் ஒருவர்தான். அந்தக் கொழுப்பு அவர் நடையிலேயே தெரியும் என்பார் பக்கத்துக் கழனிக்காரர் ஆதிகேசவன். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். இருவரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள்.

சுப்பராயன் பொன்னேரியில் பி.யூ.சி. முடித்தான். இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று லாரிகள் புழுதி கிளப்பத் தொடங்கியிருந்தன. ரோடும் பாலமும் போடுகிற ஒரு கம்பெனியில் அவன் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். அங்கே இன்ஜினியராக இருந்த வீரராகவன் அவனுக்கு ஒரு வழி சொன்னார். காலேஜுக்குப் போகாமல், வேலை பழகிக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. பரீட்சை எழுதலாம். எல்லாத் தாளும் தேறி, யாருக்குக் கீழே வேலை பழகினானோ அந்த இன்ஜினியர், இவன் வேலையை நாணயமாகக் கற்றவன் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சிவில் இன்ஜினியரிங் டிகிரி வாங்கியதற்குச் சமம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிப்போனது. விடிவதற்கு முன்னால் எழுந்து சுப்பராயன் கிணற்று மேட்டுக்குப் போய்விடுவான். மாடு கட்டிக் கவலை இறைக்கிற கல்லின் மேல் படம் வரைகிற பலகையைச் சாய்த்து வைத்து, வெளிச்சம் வர வர கோடு போடுவான். லட்சுமியம்மாள் பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் தூக்கில் போட்டுக்கொண்டு அங்கேயே வருவாள். அவனைத் தின்னவைத்து, கையைக் கழுவவைத்து, எண்ணெய் படாமல் காகிதத்தைத் தள்ளி வைத்து, பிறகுதான் களை பிடுங்க இறங்குவாள். ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். பகலெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளப்பது, மட்டம் பார்ப்பது, ஜல்லி அளப்பது, கான்கிரீட் ஈரம் காயாமல் சாக்கு போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்களா என்று பார்ப்பது. உள்ளங்கை கொத்தனார் கை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையாலேயே மறுநாள் காலையில் பென்சிலைச் சீவுவான்.

அரசப்பன் ரயில்வே கேட் டீக்கடையில் குந்திக்கொண்டு பீற்றிக்கொள்வார்.

"காலேஜுக்கே போவாத இன்ஜினியர் ஆவறான் எம்புள்ள. காலேஜுக்குப் போறவன் பொஸ்தகத்துல பாலம் கட்றான். இவன் ஓடையில இறங்கிக் கட்றான்."

"மொதல்ல உங்கழனி வரப்ப நேராப் போடச் சொல்லுய்யா," என்பார் ஆதிகேசவன். "ஒவ்வொரு வருசமும் எம்பக்கமே வளைஞ்சிகினு வருது."

டீக்கடை சிரிக்கும். அரசப்பனும் சிரிப்பார். நல்ல காலம் அது.

அந்த மாசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் களியைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டே சுப்பராயன் சொன்னான், புதுத் தொழிற்சாலைக்குப் போகிற ரோடு நம் ஓடையைத் தாண்டித்தான் வருகிறது என்று.

"நம்ம கழனியாண்டயா?" என்றார் அரசப்பன்.

"கெணத்துக் கழனி ஓரமாத்தான் நைனா."

"கெணறு?"

"அது வெள்ளத்தப் பொறுத்துகீது. வெள்ளம் எம்மாம் ஒசரம் வந்ததோ அத்தப் பாத்து, அதுக்கு மேல ரோட்டத் தூக்கணும். பாலத்தையும் பெரிசா வுடணும். ரோடு ஒசந்தா அடி அகலமாவும். ரொம்ப ஒசந்துட்சின்னா கெணறு மண்ணுக்குள்ள பூடும். கம்பெனியில டப்பு குடுப்பாங்க."

களியில் கை அளைந்துகொண்டே விளையாட்டாகத்தான் சொன்னான். அவனுக்குக் கிணறு ஒரு வட்டம், படத்தில் போடுகிற வட்டம். அரசப்பன் பிசைந்த களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஓடையில் வெள்ளம் வந்து கரையேறினால், அது எதுவரைக்கும் வந்து நின்றதோ, வடிந்த மறுநாள் அந்த இடத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பொங்கலிடுவார்கள். இதோடு நின்றாயே தாயே, இதற்கு மேல் வராதே என்று கங்கையம்மனைக் கேட்டுக்கொள்வது. சாதாரண வெள்ளம் வந்து நின்ற இடம் ஓடைக்கரைக் கோயிலுக்கு முன்னால் நட்ட கன்னிமார் கல். ஆடி மாதம் தவறாமல் அந்தக் கல்லுக்கு இன்றும் மஞ்சள் வைக்கிறார்கள். ஆனால் சுப்பராயன் பிறப்பதற்கு முன்னால் ஒரு ஐப்பசியில் ஏரிக்கரை உடைந்து வந்த பெருவெள்ளம், கல்லை மூழ்கடித்து, கோயில் தூணில் ஆளுயரத்துக்கும் மேலே நின்றது. அப்போது தூணில் மஞ்சள் பூசினார்கள். அப்புறம் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரவேயில்லை. தூணில் எண்ணெய்க் கறை ஏறி, சுண்ணாம்பு ஏறி, இளவட்டங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மூன்று கால் வைத்த மட்டக் கருவியோடும், சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட நெட்டைக் கோலோடும் சுப்பராயன் ஓடைக்கரைக்கு வந்தான். அரசப்பன் மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"நைனா, இந்த ஓடையில வெள்ளம் எதுவரிக்கும் வந்துகீது?"

அரசப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு முன்னால் வந்தார். தூணைப் பார்க்காமல் கல்லைக் காட்டினார்.

"இதான். மஞ்சள் வச்சிகீது பாரு."

"இதுக்கு மேல வந்ததே இல்லியா?"

"வந்ததில்ல."

"நாலு பேரக் கேட்டு எழுதச் சொன்னாரு சாரு."

"கேளேன். யாரு வேணான்னா?" என்றார். ஆதிகேசவன் கூப்பிடு தூரத்தில்தான் மாட்டைத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

சுப்பராயன் ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "நீ சொன்னதுக்கப்பால இன்னா நைனா இன்னொருத்தர," என்று கோலைக் கன்னிமார் கல்லின் மேல் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கருவிக்குள் கண்ணை வைத்தான்.

அரசப்பன் திரும்பி நடந்தார். கல்லிலும்தானே தண்ணீர் நின்றது, கல்லிலும்தானே மஞ்சள் வைத்தோம், அது எப்படிப் பொய்யாகும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

ரோடு வந்தது. ஓடைக்குக் குறுக்கே குழாய் பதித்துச் சின்னதாக ஒரு பாலமும் வந்தது. ரோட்டு மேட்டின் சரிவு கிணற்றுக்கு ஒரு முழம் இப்பால் வந்து நின்றது. கிணறு பிழைத்தது. சுப்பராயன் தாள் தாளாகத் தேறிக்கொண்டு வந்தான். தேறிய சேதி வந்த அன்றெல்லாம் லட்சுமியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். எழுபத்தாறாம் வருஷம் ஆவணியில் கடைசித் தாளும் தேறிவிட்டது. இனி வீரராகவன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தீபாவளி கழியட்டும், சாவகாசமாக உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. வானம் ஓட்டையாகிவிட்டதோ என்னவோ, அடுப்பு எரியாமல், துணி காயாமல், மாடு வெளியே போகாமல் ஜனங்கள் குந்திக் கிடந்தார்கள். ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் ஆளுயரத்துக்குப் புரண்டது. ஓடை இரண்டு கரையும் தெரியாமல் வந்து புது ரோட்டில் மோதியது. அத்தனை தண்ணீரை விழுங்க அந்தக் குழாய்களுக்கு வாய் இல்லை. போக்கிடம் இல்லாத தண்ணீர் திரும்பி மேற்கே ஏறியது. ரோட்டுக்கு மேற்கேதான் ஆதிகேசவன் கழனியும் அவர் மாட்டுக்கொட்டகையும்.

விடியும்போது பார்த்தால், கதிர் தள்ளிய சம்பா முழுதும் தண்ணீருக்கடியில். கொட்டகையில் கட்டியிருந்த உழவு மாடு இரண்டும் கயிற்றோடு மிதந்தன. கயிற்றை அறுக்கப் போன ஆதிகேசவனை இடுப்பில் தாம்புக் கயிறு கட்டித்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்துக்கு ரோடு உடைந்தது. பாலத்தின் குழாய்கள் உருண்டு அரசப்பன் கழனியைத் தாண்டிப்போய் விழுந்தன. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் வரைக்கும் செந்தண்ணீர் நிறைந்து அப்படியே நின்றது.

தண்ணீர் வடிந்ததும் அரசப்பன் ஆதிகேசவன் வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதும் ஒன்று. போகாமல் இருக்க முடியவில்லை என்பது இன்னொன்று. ஆதிகேசவன் மாட்டுக் கழுத்து மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"வாய்யா," என்றார். "குந்து."

அரசப்பன் குந்தினார்.

"பெருவெள்ளத்தப்போ அந்தத் தூணுல மஞ்சள் பூசினது யாரு? சொல்லு," என்றார் ஆதிகேசவன்.

"நீதான்."

"நாந்தான். நீ என்னத் தோள் மேல தூக்கிகினு நின்ன. ஞாபகம் கீதா?"

"கீது."

"அப்பால ஏன்யா அந்தப் புள்ளைக்குக் கல்லக் காட்டின? கோலு கல்லு மேல நின்னத நான் அன்னிக்கே பாத்தேன். இன்ஜினியருங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு மாட்ட ஓட்டிகினு வந்துட்டேன். கெணத்துக்காவத்தான?"

அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்ன வெட்டிப் போடலாம்னு கீது எனக்கு. சொல்றேன், கேட்டுக்கோ. ஆனா வந்து விசாரிக்கறவன் எவன் கேட்டாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். தூணாவது மஞ்சளாவது, தெரியாதுன்னுடுவேன். ஊர்லயும் சொல்லிட்டேன். அது ஊருக்கு ஒரே படிச்ச புள்ள. எம்மாடு பூட்ச்சி. அவன் படிப்பாவது நிக்கட்டும். நீ எந்திரிச்சிப் போ."

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. சுப்பராயன் தரை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அன்று மட்டுமில்லை, அதற்கப்புறம் தினமும் அதுதான். ஏரியின் பரப்பு, மழை அளவு, ஓடையின் சரிவு, குழாயின் வாய். முதலிலிருந்து கடைசி வரை போட்டுப் பார்ப்பான். சரியாக வரும். சரியாக வந்ததும் முகம் இன்னும் செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து. வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

"எங்கியோ தப்பு பண்ணிகீறேன்மா," என்றான் தாயிடம். "கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. ரெண்டு மாட்டக் கொன்னுட்டேன். ஆள் போயிருந்தா?"

"மழை கொட்னா நீ இன்னாடா பண்ணுவ?" என்றாள் லட்சுமியம்மாள்.

"மழைக்குத்தாம்மா கணக்கு. இதுகூடத் தெரியலன்னா நான் இன்னா இன்ஜினியர்?"

அரசப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடிவாங்கினால்கூட அப்படி வலித்திருக்காது. தவறே இல்லாத கணக்கில் பிள்ளை தவறைத் தேடுகிறான். தேடிக் கிடைக்காத ஒவ்வொரு நாளும் அரை ஆளாகக் குறைந்துகொண்டு வருகிறான். கையெழுத்து வேண்டாம், நான் அதற்கு லாயக்கில்லை என்று வீரராகவனிடம் சொல்லப்போவதாக வேறு பேசுகிறான்.

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று தெரிந்த அன்று மத்தியானம், நெற்குதிருக்குள் கைவிட்டுத் துழாவி ஈரம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமியம்மாளிடம் அரசப்பன் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையை எடுக்காமல் கேட்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில்.

"தெரியுமா?"

"ரோடு போட்ட அன்னிக்கே தெரியும். கெணத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு நின்னியே. நானும் வாய மூடிகினுதான் இருந்தேன். கெணறு நின்னா எனக்கு மட்டும் கசக்குதா?"

"இப்ப இன்னாமே பண்றது? அவன் செத்துகினு கீறான்."

"அவங்கிட்ட சொல்லு. ஊட்டுக்குள்ள வச்சி, கதவ சாத்திகினு, அவனாண்ட மட்டும் சொல்லு. தப்பு உங்கணக்குல இல்லடா, என்னாண்ட கீதுன்னு சொல்லிடு. அவன் அடிச்சாலும் வாங்கிக்கோ."

"எம்மூஞ்சியில முழிப்பானா அப்பால?"

"முழிக்கலன்னா போவுது. புள்ள சோறு துன்னுவான் இல்ல? ஊட்டுல சொல்லு. வெளிய போயிச் சொல்லி வைக்காத. அங்க பேசறது இன்னான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். ராத்திரி சொல்லலாம் என்று பார்த்தால், பிள்ளை காகிதத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தான். விடியற்காலையில் சொல்லலாம் என்று எழுந்தால், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தான். விசாரணை அன்றைக்குத்தான். அரசப்பன் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறினார். மகனை வெளியே கூப்பிட்டு, ஓரமாக நிறுத்தி, காதோடு சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் மனசில் இருந்தது.

கம்பெனி ஆபீஸ் என்பது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீளக் கொட்டகை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில் வீரராகவன். எதிரில் சுப்பராயன் நின்றுகொண்டிருந்தான். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அரசப்பனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மகனுடைய முதுகுதான் தெரிந்தது. பெரியவர் என்னவோ கேட்டார். சுப்பராயன் தலையை இன்னும் குனிந்துகொண்டான். பெரியவர் காகிதத்தை மூடி மேஜையில் தட்டினார். அந்தச் சத்தம் அரசப்பன் நெஞ்சில் விழுந்தது.

உண்மையில் அந்தப் பெரியவர் சொன்னது வேறு. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் யாரும் கண்டிராத மழை, அப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் சொன்னார். இவன் அப்ரண்டிஸ், கையெழுத்துப் போட்டது நான், குறை சொல்வதானால் என்னைச் சொல்லுங்கள் என்று வீரராகவனும் அவனுக்காகப் பேசி முடித்திருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கப் போகிற சமயம்.

அரசப்பன் உள்ளே வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி நின்றார்.

"சாமி, எம்புள்ள மேல தப்பு இல்ல. அவன ஒன்னும் சொல்லாதீங்க. எல்லாத் தப்பும் என்னுது."

"நைனா," என்றான் சுப்பராயன். "நீ ஏன் இங்க வந்த? வெளிய போ."

"நீ சும்மா கெட. சாமி, வெள்ளம் கல்லோட நிக்கல. கோயில் தூணு வரிக்கும் வந்துகீது. பெருவெள்ளத்தப்ப நான் எங்கண்ணால பாத்தேன். கெணறு பூடுமேன்னு புள்ளைக்கு மாத்திக் காட்டிட்டேன். அது வெட்டின கெணறு சாமி, கையால வெட்டின கெணறு. புத்தி பேதலிச்சிப் பூட்ச்சி. அவன் கணக்குல ஒரு தப்பும் இல்ல. இன்னா தண்டனை குடுத்தாலும் எனக்குக் குடுங்க."

சொல்லி முடித்ததும் அரசப்பனுக்கு நெஞ்சிலிருந்த சுமை இறங்கினாற்போல இருந்தது. பிள்ளையை மீட்டுவிட்டோம் என்றே நினைத்தார்.

கண்ணாடிக்காரர் தமிழில் கேட்டார். "ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கறது உங்க நிலமா?"

"எங்க நெலந்தான் சாமி."

அவர் வீரராகவனைப் பார்த்தார். வீரராகவன் சுப்பராயனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"சுப்பராயா, எத்தனை பேரைக் கேட்டேன்னு என்கிட்ட சொன்னே?"

"நாலு பேரு சார்."

"எழுதியும் கொடுத்தே. அதை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன். நிஜத்துல எத்தனை பேரைக் கேட்டே?"

சுப்பராயன் மேஜை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"ஒருத்தரத்தான் சார்."

"யாரை?"

"எங்க நைனாவ."

"நாலு பேர்னு ஏன் எழுதினே?"

"எங்க நைனா சொன்னா நாலு பேரு சொன்ன மாதிரின்னு நெனச்சிட்டேன் சார்."

அரசப்பனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. முழுசாக விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே ஜல்லிக் குவியல் பக்கம் வீரராகவன் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். அந்த மனிதருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"பெரியவரே, உங்க பையன் கணக்குல தப்புப் பண்ணியிருந்தா, கத்துக்கறவன்தானேன்னு கண்ணை மூடிண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். கேக்காத ஆளையெல்லாம் கேட்டேன்னு எழுதிட்டான். நாணயமா வேலை கத்தான்னு நான் எப்படி எழுதறது? எழுதினா என் கை கூசும்."

"தப்பு என்னுது சாமி. நாந்தான் பொய் சொன்னேன்."

"உங்களுது ஒரு தப்பு. அவனுது ஒரு தப்பு. உங்களுதுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை."

தகப்பனும் மகனும் பஸ்ஸுக்குப் போகாமல் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே வந்தார்கள். சுப்பராயன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் தண்ணீர் தேங்கிய கழனிகள், அழுகின நெல் நாற்றம். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அரசப்பன் கேட்டார்.

"நான் வராம இருந்திருந்தா?"

சுப்பராயன் சைக்கிளை ஜல்லியிலிருந்து பாதைக்கு இறக்கினான்.

"மழைன்னு எழுதிகினு போயிருப்பாங்க நைனா."

அரசப்பன் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். சுப்பராயன் சைக்கிளைப் பிடித்தபடி அவர் எழுந்திருக்கிற வரைக்கும் நின்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்த விதத்திலேயே லட்சுமியம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "கதவ சாத்திகினு சொல்லுன்னேனே," என்று ஒரு தரம் சொன்னாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. அன்றைக்குச் சுப்பராயன் வயிறாரச் சாப்பிட்டான். அவள் பரிமாறிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ஆதிகேசவன்தான் கத்தினார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அரசப்பன் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஊரே வாய மூடிகினு நின்னுதேய்யா. உனக்கு மட்டும் இன்னாய்யா அவ்ளோ அவசரம்? எம்மாட்டையும் வாரிகினு, அவன் படிப்பையும் வாரிகினு பூட்டியே." அரசப்பன் கையை விலக்கவில்லை.

வேறொரு இன்ஜினியரிடம் சேர்ந்து முதலிலிருந்து வேலை பழகலாமே என்று சிலர் சொன்னார்கள். சேரலாம். ஆனால் எங்கே போனாலும், முன்னால் யாரிடம் இருந்தாய், ஏன் விட்டாய் என்றுதானே கேட்பார்கள். வீரராகவன் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. சுப்பராயன் இரண்டு இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு அதோடு விட்டுவிட்டான். தை பிறந்ததும் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும்.

கிளம்புகிற அன்று காலையில் லட்சுமியம்மாள் இட்டிலியும் மிளகாய்ப் பொடியும் இலையில் கட்டிக் கொடுத்தாள். அரசப்பன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெரிய ரோடு வரைக்கும் கூட வந்தார். மகன் தூக்குகிறேன் என்றபோது கொடுக்கவில்லை. பனி இன்னும் விலகவில்லை. லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின.

"இங்கியே நில்லுடா," என்றார் புளியமரத்தடியில் பெட்டியை இறக்கிவைத்து. "ரெட்டில்ஸ் போயி அம்பத்தூருக்கு மாறிக்கோ. ரெட்டில்ஸ் பஸ் இந்த மரத்தாண்டதான் நிக்கும்."

"சரி நைனா," என்றான் சுப்பராயன்.

மாதம் ஒரு தடவையாவது வந்துவிட்டுப் போ, உன் அம்மா தாங்க மாட்டாள் என்று சொல்ல நினைத்து, அரசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அதற்குள் சுப்பராயன் நாலடி நடந்து, பக்கத்தில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஆப்பக்காரியிடம் போனான்.

"யக்கா, ரெட்டில்ஸ் பஸ் இங்க நிக்குமா?"

"நிக்கும் தம்பி. மரத்தாண்டதான்."

அவன் திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தகப்பனைக் குத்திக்காட்ட வேண்டும் என்று அவன் கேட்கவும் இல்லை. அரசப்பன் மகன் முகத்தைப் பார்க்காமல், வடக்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிறிது நேரத்தில் பஸ் வந்தது. மரத்தடியில்தான் நின்றது.